அரசு தரப்பு நாற்காலி

‘கார்கி’ 2022 ஜூலையில் வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் போய்ப் பார்த்தேன். குளச்சலில் இருந்து பஸ் ஏறி, இரணியல் வழியாகப் போய், ஒரு படம் பார்த்துத் திரும்புவது அம்மாவுக்கு இன்றும் ஒரு யாத்திரை மாதிரிதான். இடைவேளையில் பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “இதுல நீ எந்தப் பக்கம் மக்ளே?”

அப்போது நான் ஒரு போக்சோ நீதிமன்றத்தில் சிறப்பு அரசு வழக்கறிஞருக்கு ஜூனியர். திரையில் ஒரு அரசு வழக்கறிஞர். “அவர் பக்கம்மா” என்றேன். அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அய்யோ, அந்த ஆளா?”

அந்த ‘அய்யோ’வில் இருந்துதான் இந்தக் கட்டுரை. தமிழ் சினிமாவும் தமிழ்ப் புனைவும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுகிறவரை நாயகனாக்கியிருக்கின்றன. நீதிபதியைத் தெய்வமாகவும் கோமாளியாகவும் காட்டியிருக்கின்றன. அரசு தரப்பில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்ஜெக்‌ஷன்” சொல்லி, தோற்று, போய்விடுவார். குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கில் குழந்தைக்காகப் பேசும் பொறுப்பை அரசு அந்த நாற்காலியில் உட்காருபவரிடம்தான் கொடுத்திருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய ‘கார்கி’யின் பலமே அது எந்தத் தோளில் கேமராவை வைக்கிறது என்பதில்தான். ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில் ஐந்தாவது ஆளாகக் கைதான முதியவரின் மகள் கார்கி. சாய் பல்லவியின் முகத்தை விட்டு நாம் நகரவே முடியாது. வக்கீல் சங்கம் கைவிட்ட பிறகு, திக்கித்திக்கிப் பேசும் இந்திரன்ஸ் (காளி வெங்கட்) வருகிறார். ஜாமீனுக்காக நாமும் சேர்ந்து ஏங்குகிறோம். குழந்தை அடையாளம் காட்டியதைச் சந்தேகத்துக்குள் தள்ளும்போது நாம் கைதட்டாத குறைதான். கடைசியில் அந்தத் தகப்பன் குற்றவாளி என்பதைக் கார்கியே கண்டுகொள்கிறாள். அதாவது குழந்தை முதலிலேயே சொன்னது சரி. நாம்தான் இரண்டு மணி நேரமாக அவளை நம்பாமல் உட்கார்ந்திருந்தோம்.

இதைத் திருப்பம் என்று மட்டும் விமர்சனங்கள் எழுதின. எனக்கு அது ஒரு குற்றச்சாட்டாகப் பட்டது. பார்வையாளர் மேலான குற்றச்சாட்டு. நல்லவர்களாக இருந்துகொண்டே ஒரு குழந்தையின் சொல்லை எப்படித் தட்டிவிட முடியும் என்பதைப் படம் நம்மை வைத்தே செய்து காட்டுகிறது. இந்த அளவில் சமீபத்திய தமிழ்ப் படங்களில் இதற்கு நிகர் குறைவு.

ஆனால் ஒரு இடத்தில் படம் சுலபமான வழியில் போகிறது. அரசு வழக்கறிஞர் மேல் நமக்கு வெறுப்பு வர வேண்டும் என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. திருநங்கை நீதிபதியின் தகுதியைச் சீண்டும் தொனி எழுந்து, அவர் அதற்குத் திருப்பிக் கொடுக்கிற இடத்தில் அரங்கம் அதிர்ந்தது, நானும்தான் கைதட்டினேன். வேலை செய்தாலும் அது ஒரு உத்திதான். முடிவில் சரியாக இருந்தது அந்த வெறுக்கத்தக்க ஆள் சொன்ன கட்சி. கார்கி தன் தவறைத் தூக்கிச் சுமக்கிறாள். அந்த வழக்கறிஞர் தன் சரியை எப்படிச் சுமந்திருப்பார்? அவருக்குக் குழந்தையைத் தெரியுமா? ஒருமுறையாவது அவளோடு உட்கார்ந்து பேசினாரா? படத்துக்கு அதில் அக்கறை இல்லை.

நிஜத்தில் அந்த நாற்காலி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 32ஆம் பிரிவின்படி ஒவ்வொரு சிறப்பு நீதிமன்றத்துக்கும் ஒரு சிறப்பு அரசு வழக்கறிஞர். குறைந்தது ஏழு வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். பிரிவு 33(2) சொல்வது சினிமாக்காரர்கள் யாருக்கும் பிடிக்காது: அரசு வழக்கறிஞரோ எதிர்த்தரப்போ குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். அதட்டிக் கேட்கக் கூடாது. திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்க நேரக் கூடாது. திரையோ, கண்ணாடியோ, வீடியோவோ ஏதாவது ஒரு வழி செய்யணும். விசாரணை மூடிய அறையில். ஆக, கூண்டில் நிற்கும் குழந்தையைப் பார்த்து விரல் நீட்டிக் கத்துகிற காட்சியை எந்தப் படத்தில் பார்த்தாலும், அது சட்டப்படி நடக்கக் கூடாத காட்சி. (சட்டப்படி என்றுதான் சொல்கிறேன்.)

இன்னொன்று. அரசு வழக்கறிஞர் குழந்தையின் வக்கீல் கிடையாது. வழக்கு அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவில். குழந்தைக்கு அங்கே உள்ள பெயர் ‘அ.சா.2’ அல்லது ‘அ.சா.1’. அரசு தரப்பு சாட்சி, ஒரு எண். குழந்தையின் குடும்பம் தங்களுக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் என்று 40ஆம் பிரிவில் இருக்கிறது. நான் பார்த்த கடலோரக் குடும்பங்களில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு. “நீங்க இருக்கீங்கள்லா சாரே, பின்ன எதுக்கு இன்னொருத்தரு” என்பார்கள். அந்த நம்பிக்கை என் சீனியரை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நெளிய வைக்கும்.

எந்தப் படமும் காட்டாத காட்சி ஒன்று இருக்கிறது. ஊரையும் உறவையும் வயதையும் மாற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியக் கூடாது என்பது சட்டம் மட்டுமில்லை. பதினொரு வயதுப் பிள்ளை. கைதானவர் வீட்டுக்குள் இருப்பவர், வீட்டுக்குச் சோறு போடுகிறவர். பெரும்பாலான போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அது புள்ளிவிவரம் இல்லை, காலையில் வராந்தாவில் பார்க்கிற ஜனம். போலீசிடம் சொன்னாள், மாஜிஸ்திரேட்டிடமும் சொன்னாள். சாட்சி நாள் அன்று காலை பாட்டி தனியாகக் கூட்டிப் போய்ப் பேசினாள். எங்கள் காதில் விழுந்தது ஒரு வரிதான்: “அவன் உள்ள போனா கரண்டு பில்லு ஆருட்டி கெட்டுகது?”

நீதிபதி அன்பாகத்தான் கேட்டார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு “ஞாபகம் இல்ல” என்றாள். அடுத்த கேள்விக்கும் அதுதான். இந்த இடத்தில் அரசு வழக்கறிஞர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: அவளைப் ‘பிறழ் சாட்சி’ என்று கருதி, தானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்பது. முன்னால் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரணைப் பதிவு செய்யாவிட்டால் வழக்கு அங்கேயே செத்துவிடும். யாருக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ, அவளையே எதிராளியாக அறிவிக்க வேண்டும். ‘நீ பொய் சொல்கிறாய் என்று சொல்கிறேன்’ என்ற அச்சு வடிவக் கேள்வியை நீதிபதி வழியாக அந்தப் பிள்ளையிடம் அனுப்ப வேண்டும். என் சீனியர் எழுந்து நின்றார், பேனாவை மூடினார், திறந்தார், அனுமதி கேட்டார். முடிந்து வெளியே வந்ததும் பிள்ளை என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “அக்கா, இனி வரண்டாம் இல்லியா?”

இந்தக் காட்சியில் வில்லனைத் தேடினால் கிடைக்க மாட்டான். பாட்டி வில்லி இல்லை. சட்டம் மோசம் என்றும் சொல்ல முடியாது. சினிமாவுக்கு இது ஏன் கஷ்டம் என்று புரிகிறது. ஆனால் இலக்கியத்துக்குமா?

இடையில் இரண்டு படங்களைச் சட்டென்று சொல்லிக் கடக்கிறேன். ‘பொன்மகள் வந்தாள்’ (2020) பாதிக்கப்பட்ட குழந்தையே வளர்ந்து வக்கீலாகி, பதினைந்து வருஷம் கழித்து வழக்கைத் திறப்பதாகச் சொல்கிறது. அது ஒரு ஆசை, நியாயமான ஆசையும்கூட. ஆனால் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே நல்ல வக்கீல் அவளேதான், அதுவும் அவள் குழந்தையாக இல்லாமல் போன பிறகு என்றால், அதில் உள்ள விரக்தியைப் படம் கவனிக்கவே இல்லை, வசனத்தில் மூழ்கிவிட்டது. சு. அருண்குமாரின் ‘சித்தா’ (2023) அதைவிட நேர்மையானது. கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவனை, நிமிஷா சஜயனின் பாத்திரம் தடுத்து, உன் கோபத்தை விடு, குழந்தை பக்கத்தில் போய் இரு என்று திருப்பி விடுகிற இடம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். இருந்தாலும் ‘சித்தா’வில் நீதிமன்றம் என்பது கதைக்கு வெளியே எங்கோ இருக்கும் கட்டடம்.

இலக்கியத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்டம் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம். தோப்பில் முகமது மீரானின் தேங்காப்பட்டணம் குளச்சலில் இருந்து கொஞ்ச தூரம்தான். கடலையும் சாதியையும் பள்ளிவாசலையும் சர்ச்சையும் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். ஆனால் அரசு ஒரு குழந்தையைக் கையில் எடுக்கிற கணத்தை எழுதிய கதை என்று தேடினால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’. 2011இல் ‘அறம்’ தொகுப்பில் வந்தது. சாதி பற்றிய கதை என்றே எல்லோரும் படிக்கிறோம், அது சரியும்கூட. நான் அதை ஒரு குழந்தை நலக் கோப்பாகப் படிக்கச் சொல்கிறேன்.

நாயாடிச் சாதிச் சிறுவன் ஒருவன். அலைந்து திரிந்து பிச்சையெடுத்து வாழும் தாய். ஆசிரமத்துத் துறவி அவனை எடுத்து வளர்க்கிறார், குளிப்பாட்டி, உடுத்தி, புதுப் பெயர் வைத்து, படிக்க வைக்கிறார். அவன் ஐ.ஏ.எஸ். ஆகிறான். பல வருஷம் கழித்துத் தாய் சாகக் கிடக்கிறாள், கோட்டாறு அரசு ஆஸ்பத்திரியில், பிச்சைக்காரர்களோடு. சட்டையைக் கழற்று, நாற்காலி வேண்டாம் என்பதுதான் அவள் மகனிடம் கேட்பது.

இன்றைய சட்டத்தில் இதை வைத்துப் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி அந்தச் சிறுவன் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’. யாராவது 1098க்கு அடித்திருப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழு முன்னால் நிறுத்தியிருப்பார்கள். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்கிறது. ஆனால் அங்கே அரசு தரப்பு வக்கீல் என்று ஒருவர் எழுந்து நின்று வாதாடும் அமைப்பு இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அறிக்கை கொடுக்கும். தாய்க்காக யார் பேசுவார்கள்? அவளே பேசணும். அவளுக்குப் பேசத் தெரிந்தது பசியைப் பற்றி மட்டும்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அங்கே குழந்தையைப் பெற்றோரிடம் இருந்து எடுப்பதற்கே பொதுவாக அரசு வக்கீல் மனு போட வேண்டும். பெற்றோர் உரிமையையே நிரந்தரமாக நீக்கக் கோருவதும் அவர் வேலை. 1997இல் வந்த சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை வளர்ப்பு இல்லத்தில் இருந்தால், சில விலக்குகள் போக, அரசு அந்த மனுவைப் போட்டே ஆக வேண்டும். கொடூரமான கணக்குதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் தாய்க்கும் ஒரு வக்கீல் இருப்பார். பிரிப்பது என்பது ஒரு வழக்கு, அதற்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. நம் ஊரில் அது கருணையாக நடக்கிறது, கருணைக்கு எதிராக யாரும் மேல்முறையீடு செய்வதில்லை. இரண்டில் எது மோசம் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

கல்லூரியில் முதல் தடவை ‘நூறு நாற்காலிகள்’ படித்தபோது, அந்தத் தாயின் கூச்சலை அறியாமை என்று நினைத்துக்கொண்டேன். பாவம், மகன் அடைந்தது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் என்று. நலக் குழு வராந்தாவில் சில வருஷம் நின்ற பிறகு திரும்பப் படித்தேன். அது அறியாமை இல்லை, வாதம். வக்கீல் இல்லாத ஒருத்தியின் வாதம். ‘என்னிடம் இருந்து எடுத்த பிள்ளையைத் திருப்பிக் கொடு, சட்டை போட்டவனைக் கேட்கவில்லை’ என்று அவள் சொல்கிறாள். எடுத்தவர்கள் நல்லவர்கள், எடுத்ததால் அவன் பிழைத்தான், இரண்டும் உண்மை. அவள் இழந்ததும் உண்மை. கதையின் பெரிய பலம், மீட்கப்பட்ட குழந்தையே அரசாக மாறி, நாற்காலியில் உட்கார்ந்து, தாயின் முறையீட்டைக் கேட்க வேண்டி வருவது. எனக்கு ஒரு குறையும் உண்டு: நியாயத்தைப் பற்றி மகனுக்கு நேர்முகத் தேர்வில் பேச இடம் கொடுத்த கதை, தாய்க்கு உடம்பை மட்டும்தான் கொடுக்கிறது. வாந்தி, சோறு, அலறல். அவளை ஒரு நிமிஷமாவது உள்ளே இருந்து கேட்டிருக்கலாம்.

கதை எப்படிக் கோப்பை மூடிவிடும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 2004 டிசம்பர் 26, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஏறி வந்த அன்றே இலங்கையின் கல்முனையிலும் ஏறியது. அங்கே ஆஸ்பத்திரிக்கு 81ஆவது ஆளாக வந்து சேர்ந்த கைக்குழந்தைக்கு ‘பேபி 81’ என்று பெயர் விழுந்தது. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. சாலமோன் ராஜா கதை கையில் தயாராக இருக்கும்போது யார் விடுவார்கள்? ஆனால் முறைப்படி கோர்ட்டுக்கு வந்து உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதிதான். ஆஸ்பத்திரிக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்ததற்காக அவர்களைப் போலீஸ் பிடித்தும் வைத்தது. டி.என்.ஏ. சோதனைக்குப் பிறகு 2005 பிப்ரவரியில் பிள்ளை அவர்களிடம் வந்தது. ஒன்பது தாய்மார் கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு தாய் ஏழு வாரம் காத்திருந்தது அவ்வளவு நல்ல கதை இல்லை போல.

தீர்ப்புகளையும் இலக்கியமாகப் படிக்கலாம் என்று நம்புகிறவள் நான். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் கொடுத்த ஒரு உத்தரவு இருக்கிறது. பதின்வயதுக் காதலில் பையன் மேல் போடப்பட்ட போக்சோ வழக்கை ரத்து செய்யச் சொல்லிப் புகார் கொடுத்த தாயும் அந்தப் பெண்ணும் சேர்ந்தே வந்தார்கள். அவர் ரத்து செய்தார். இந்தச் சட்டம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தண்டிக்க வந்ததல்ல என்பது அவர் நிலைப்பாடு. எங்கள் மேசைக்கு வரும் வழக்குகளில் இந்த வகை எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு அந்த உத்தரவு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அதே சமயம் பயமும் இருந்தது. ‘அவளுக்கும் விருப்பம்தான்’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் முப்பது வயது ஆளும் உண்டு.

அந்தப் பயத்துக்கும் நிம்மதிக்கும் நடுவில் உச்சநீதிமன்றம் மாட்டிக்கொண்ட வழக்கு மேற்கு வங்காளத்தில் இருந்து வந்தது. பதினாலு வயதுப் பெண், வயது வந்த ஆண். கல்கத்தா உயர்நீதிமன்றம் விடுதலை செய்ததை 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ரத்து செய்து, குற்றம் குற்றமே என்றது. பிறகு ஒரு குழுவை அனுப்பி அந்தப் பெண்ணையே கேட்கச் சொன்னது. 2025 மே 23 அன்று வந்த உத்தரவில், தண்டனையை அனுபவிக்க வேண்டாம் என்று அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி முடித்தார்கள். குழு கண்டது இதுதான்: சட்டம் குற்றம் என்று சொன்ன சம்பவத்தை விட, அதற்குப் பிறகு வந்த போலீசும் கோர்ட்டும், அவரைக் காப்பாற்ற அவள் ஓடிய ஓட்டமும்தான் அவளை அதிகம் சிதைத்தன. சமூகமும் குடும்பமும் சட்ட அமைப்பும் அவளைக் கைவிட்டுவிட்டன என்று நீதிமன்றமே எழுதுகிறது.

அதை ஒரு சட்ட முன்னுதாரணமாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இதை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாக எடுக்காதீர்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஒரு கதையாகப் படித்தால், நான் மேலே சொன்ன எல்லாப் படங்களையும் விட அது முன்னால் போகிறது. குற்றம் நிகழ்ந்தது என்பதையும், அரசு தரப்பு சரி என்பதையும், அந்தச் சரியே அவளை நசுக்கியது என்பதையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. ‘கார்கி’ எடுத்தவர்களுக்கு இதை எடுக்கத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேமராவை வேறு தோளில் வைக்கணும். வராந்தாவில் காத்திருக்கும் அந்த இருபது நிமிஷத்தை எழுதணும்: பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுக்கலாமா, அதை ‘சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்’ என்று எதிர்த்தரப்பு கேட்குமா என்று அரசு தரப்பு யோசிக்கிற நேரம். பாட்டி தனியாகக் கூப்பிடுகிறாளே, போய் நடுவில் நிற்கலாமா என்று எழுந்து, உட்கார்கிற நேரம்.

நான் அந்த ஆபீசை விட்டு வந்து கொஞ்ச நாள் ஆகிறது. இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் ‘கார்கி’யை வீட்டில் லேப்டாப்பில் மறுபடி போட்டேன். இந்த முறை சாய் பல்லவியைப் பார்க்கவில்லை. அந்தச் சிறுமி படம் முழுக்க எத்தனை வாக்கியம் பேசுகிறாள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா மீன்குழம்பு வாசத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். “மறுக்கா இந்தப் படமா? அந்த வக்கீலு இதுலயும் தோக்குதானா?”

“ஜெயிக்கான்மா” என்றேன்.

“பின்ன ஏன் அவன் மொகத்த ஒருக்கா கூட காட்டல?” என்று கேட்டுவிட்டு, சோறு ஆறுது என்று சொல்லிவிட்டுப் போனாள். தாளில் கோடுகள் அதிகம் இல்லை.